வடமும் காந்தமும்

ஐந்தாம் வகுப்பில் நின்றுகொண்டு, "விசை என்றால் என்ன?" என்று கேட்டால் நாற்பது குரல்கள் ஒரே ராகத்தில் எழும்: "தள்ளுதல் அல்லது இழுத்தல் விசை எனப்படும்!" ஜெபம் சொல்வது போல அவ்வளவு ஒழுங்கு. ஆனால், "நீ எதையாவது இழுத்திருக்கிறாயா?" என்று அடுத்த கேள்வி கேட்டால் வகுப்பில் அமைதி குடிகொண்டுவிடும். தேர் ஓடும் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த அமைதி தகுமா என்று நான் எண்ணிக்கொள்வேன்.

ஒரு நாள் அந்த அமைதியைக் கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி கலைத்தாள். தேர்வில் முப்பது மதிப்பெண்ணைத் தாண்டாதவள், கேட்டாலொழியப் பேசாதவள். "டீச்சர், தேரை இழுக்கறது பெரிசில்லை, நிறுத்தறதுதான் பெரிசுன்னு எங்கப்பா சொல்லுவாங்க" என்றாள். அவள் தந்தை தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவளையே கரும்பலகைக்கு அருகில் அழைத்து நிறுத்தினேன்.

அவள் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன். நிற்கிற தேர் எளிதில் அசையாது. நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்தாலும் முதல் அசைவு வரும்வரை பின்புறம் பெரிய மரங்களைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து நெம்பவேண்டும். சக்கரம் ஒரு முறை உருளத் தொடங்கிவிட்டால் அத்தனை பலம் தேவையில்லை. நிற்கும் பொருளுக்கும் தரைக்கும் உள்ள உராய்வு, நகரும்போது உள்ள உராய்வைவிட மிகுதி என்று புத்தகம் சொல்லும் செய்தி இதுவே. நின்றது நிற்கவே பார்க்கும், ஓடுவது ஓடவே பார்க்கும் என்று நியூட்டன் 1687-இல் அச்சிட்ட விதியும் இதனுள் அடங்கும்.

நிறுத்துவது ஏன் பெரிது? வடம் இழுக்கத்தான் உதவும், தள்ள உதவாது. முன்னால் நிற்பவர்கள் கையை விட்டுவிட்டாலும் தேர் தன் போக்கில் வரும். அதைத் தடுப்பது சக்கரத்துக்கும் தெருவுக்கும் இடையே சறுக்கிச் செருகும் ஆப்பு வடிவமான அந்தக் கட்டை ஒன்றே. தெருமுனையில் தேரைத் திருப்புவதற்கும் அதுவே. கட்டை போடுகிறவர் சக்கரத்தின் அருகிலேயே குனிந்து நடக்கவேண்டும். கை ஒரு நொடி தாமதித்தாலும் ஆபத்து. "அப்பா திரும்பி வர்ற வரைக்கும் அம்மா சாப்பிடமாட்டாங்க" என்று அச்சிறுமி சொன்னபோது, உராய்வு என்ற சொல்லுக்கு அதுவரை இல்லாத கனம் எங்கள் வகுப்பில் ஏற்பட்டது.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்று சொல்வார்கள். அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் நீர்ம விசையால் இயங்கும் இரும்புத் தடைகளைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஆயினும் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை போய்விடவில்லை. நம் திருவிழாவில் அன்னையின் சப்பரத்தைத் தோளில் சுமப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தோள் சற்றுத் தாழ்ந்தால் அடுத்தவருக்கு எடை கூடுவதை உடனே சொல்வார்கள். எடை எங்கும் போய்விடுவதில்லை, ஆள் மாறுகிறது.

வடம் என்றதும் தஞ்சாவூர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவைப் பணியைத் தொடங்கினார். அவருடைய கோணமானி அரை டன் எடையுள்ளது. நம் காவிரிச் சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்றுகள் கிடையாது. ஆகவே கோயில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகள் ஆயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்தக் கருவியைக் கயிறுகளால் ஏற்றினார்கள். சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. ஒரு பக்கத்து இழுவிசை போனவுடன் மறுபக்கத்து விசைக்கு எதிர்ப்பில்லை. கருவி ஊஞ்சல் போல் ஆடிச் சென்று கல்லில் மோதியது. அதன் வட்டம் நெளிந்துபோயிற்று. லாம்டன் சோர்ந்துவிடவில்லை. கூடாரத்துக்குள் கருவியோடு அடைந்துகொண்டு, ஆறு வார காலம் ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு மெல்ல மெல்ல அந்த வட்டத்தை நிமிர்த்தினார். உடைத்ததும் விசை, சரிசெய்ததும் விசை! மாணவியருக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். விமானத்தில் அடிபட்ட இடம் எது என்று சுற்றுலாவின்போது தேடுகிறார்கள்.

இனி காந்தத்துக்கு வருவோம். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் இருந்து எடுத்த ஒரு காந்தத் துண்டு போதும். மேட்டூர் அணையை மூடியபின் காவிரி வறண்டு கிடக்கும் நாட்களில் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவில் ஆற்று மணல் கொண்டு வருவார்கள். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் துழாவினால் கறுப்புப் பொடி முள்முள்ளாக ஒட்டிக்கொள்ளும். அது இரும்பின் தாது. (காகிதம் சுற்ற மறந்தால் பொடியைப் பிரித்தெடுக்க ஒரு பீரியடு போதாது.) சேலத்துக் கஞ்சமலையில் இதே காந்தத் தாது பாறை பாறையாகக் கிடக்கிறது. மலைப்பாறைகள் தேய்ந்து, ஆறுகள் வழியே மணலாகி, நம் வாசலுக்கு வந்து சேருகின்றன.

பிறகு வீட்டுச் சாமான்களைச் சோதிக்கச் சொல்வேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கில் ஒட்டாது, அது பித்தளை. சுவாமிமலை வெண்கலச் சிலையிலும் ஒட்டாது. எவர்சில்வர்தான் வேடிக்கை. சிலவற்றில் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. நிக்கல் போதிய அளவு சேர்ந்த எவர்சில்வரில் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. குரோமியம் மட்டும் சேர்ந்ததில் ஒட்டும். காந்தம் ஒட்டினால் போலிச் சரக்கு என்று கடைத்தெருவில் சொல்வது முழு உண்மையல்ல. அதுவும் எவர்சில்வரே, வகைதான் வேறு. இந்தச் சோதனைக்குப் பிறகு ஒரு தாயார் பள்ளிக்கு வந்து, "பொம்பளைப் பிள்ளைக்குப் பாத்திரம் தேய்க்கத் தெரிந்தால் போதாதா, காந்தம் வைத்துப் பார்க்கவும் தெரியணுமா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மறு வாரம் கடைக்குப் போகும்போது மகளிடமிருந்து காந்தத்தை வாங்கிப் போனவரும் அவரே.

தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தேய்த்து, சிறு இலைமேல் வைத்துப் பித்தளைத் தாம்பாளத்து நீரில் மிதக்கவிட்டால், அது மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று வில்லியம் கில்பர்ட் 1600-இல் எழுதினார். ஊசியை அதன் நடுவில் நூல்கட்டித் தொங்கவிட்டால் இங்கிலாந்தில் அதன் வடமுனை வெகுவாகத் தரையை நோக்கிச் சாயும். நம் பக்கத்தில் சற்றே சாயும். முற்றிலும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்தால் அதுவே காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்கோடியைக் கடந்து செல்கிறது.

அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில், வானில் ஒரு மின்னோட்டம் பகற்பொழுதில் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ராக்கெட் அனுப்பித்தான் ஆராயவேண்டும். அதற்கு ஏற்ற இடம் தேடிய டாக்டர் விக்ரம் சாராபாய் கண்டது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமம். அங்கே இருந்ததோ புனித மகதலேன் மரியாள் ஆலயமும், அதைச் சுற்றி மீனவர் குடும்பங்களும்.

ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஆண்டகை தாமாகவே முடிவு செய்யவில்லை. ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே கேட்டார். மக்கள் ஆமென் என்றார்கள். பரம்பரையாக ஞானஸ்நானமும் திருமணமும் கண்ட கோவிலை, கடலோரத்து வீட்டை, விட்டுப் போவது எளிதா? அந்த மக்களைப் பற்றி நம் புத்தகங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆலயம் தொழிற்கூடமாயிற்று, ஆயர் இல்லம் அலுவலகமாயிற்று. அங்கே பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவர் அப்துல் கலாம். 1963 நவம்பர் 21 அன்று மாலை முதல் ராக்கெட் கிளம்பி, வானில் சோடிய ஆவியைப் பரப்பிற்று. அந்தி வானில் செம்மஞ்சள் மேகம் ஒன்றை மக்கள் வியப்போடு கண்டார்கள். அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

இதைச் சொல்லி முடித்த அன்று கடைசி வரிசைச் சிறுமி கை தூக்கினாள், யாரும் கேட்காமலே. "ராக்கெட்டை நிறுத்த என்ன டீச்சர் கட்டை போடுவாங்க?"

நான் பதில் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. மறுநாள் அவளே அப்பாவிடம் கேட்டுவிட்டு வந்தாள்: "மேலே தெருவே இல்லை, எங்கே கட்டை போடறது? தானா விழுந்தாத்தான் உண்டுன்னு அப்பா சொன்னாங்க." தும்பாவில் இருந்து அன்று கிளம்பிய ராக்கெட்டும் அப்படியேதான், பூமியின் ஈர்ப்பு விசையால் கடலில் விழுந்தது.