குறுமயிரும் பொறுமையும்

அடுக்கடுக்காகக் கத்தரித்த கூந்தலை மீண்டும் நீள வளர்க்கும் மாணவியரை நாம் வகுப்பறையிற் காண்கின்றோம். இரட்டைப் பின்னலுக்கு அடங்காத குறுமயிர் காதோரத்தில் சிலிர்த்து நிற்கும். தோழியர் நகைப்பர், நாணமுற்ற பெண் மறுபடியும் கத்தரிக்கோலை நாடுவாள்.

தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளரும். காதளவு நிற்பது தோளைத் தொட ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை கீழ்நுனியை மட்டும் இடையிடையே சிறிது குறைத்துவந்தால், மேலடுக்கு அதனை மெல்ல எட்டிவிடும். குறுமயிரைச் சிறு பின்னலாக்கி ஊசி செருகலாம். நாள்தோறும் இறுக இழுத்துக் கட்டுதல் ஆகாது. நெற்றியோர மயிர் உதிர்ந்துபோகும்.

இத்தனைக்கும் வேண்டுவது பொறுமை. அதனை அவள் இழவாதிருக்க, ஆசிரியரும் பெற்றோருமாகிய நாம் அக்குறுமயிரைக் குற்றமாகக் கொள்ளாதிருப்போமாக.