புள்ளி வைத்த அம்மணி

வெராவல்,
தை பிறந்து நாலாம் நாள்

ஏட்டி கோமு,

போன கடுதாசிக்கு நீ பதிலே போடலைன்னு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேன், அப்புறம் பொங்கல் வேலையில கெடந்திருப்பேன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு இதை எழுத உக்காந்துட்டேன். இந்தக் குஜராத்துல பொங்கல் எப்படின்னு கேக்கிறியா? ஊரே மொட்டை மாடியில ஏறிப் பட்டம் விட்டுக்கிட்டிருக்கு, நான் ஒருத்தி கீழ பானை பொங்குதான்னு எட்டி எட்டிப் பார்க்கேன். கரும்பு கிடைச்சுது, மஞ்சக்கொத்துதான் கிடைக்கலை. வீட்டுக்கார பா (இங்க அம்மாவைப் பா-ன்னுதான் சொல்வாங்க) ஒரு கிண்ணம் நிறைய உந்தியுக் கூட்டு கொடுத்துவிட்டாங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பருப்புல வெல்லம் போடுறதை மட்டும் இந்த ஜென்மத்துல நான் மன்னிக்க மாட்டேன்.

சரி, நான் சொல்ல வந்ததே வேற. மாடி போர்ஷன்ல ஒரு மலையாளத்துப் பிள்ளை குடிவந்திருக்கா. கடலைப் பத்தின படிப்பு. இட்லி வாசனைக்கு இறங்கி வந்தவ, இப்போ தினமும் காலையில நம்ம வீட்டுத் தட்டுதான். அவ தேடுறது யாரைத் தெரியுமா? திமிங்கலச் சுறாவை. பேர்லதான் திமிங்கலம், ஆனா மீன், உலகத்துலேயே பெரிய மீன். நாப்பது அடி நீளம், பஸ் மாதிரி. அம்புட்டு உடம்பை வச்சுக்கிட்டு தின்னுறது என்னன்னா கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பூச்சியும் மீன்முட்டையும். வாயைத் திறந்துக்கிட்டே நீந்தும், தண்ணியை வடிகட்டிட்டு மிச்சத்தை முழுங்கும், யாரையும் கடிக்காது. நம்ம பக்கத்துல இதுக்கு அம்மணி உழுவைன்னு பேராம். பேரைக் கேட்டதும் எனக்குப் பிடிச்சுப்போச்சு.

இங்க ஒரு காலத்துல பேரே "பேரல்"தானாம். கொக்கியைப் பாய்ச்சி, கயித்துல பிளாஸ்டிக் பீப்பாயைக் கட்டி விட்டுருவாங்க, அதை இழுத்துக்கிட்டே அலைஞ்சு அந்த ஜீவன் ஓய்ஞ்சதும் கரைக்குக் கொண்டாந்துருவாங்க. முதல்ல ஈரல் எண்ணெய்க்கு மட்டும்தான், மரப்படகுல தண்ணி ஏறாம பூச. அப்புறம் வெளிநாட்டுக்கு இறைச்சியும் துடுப்பும் போக ஆரம்பிச்சதும் நூத்துக்கணக்குல கொன்னிருக்காங்க. மைக் பாண்டேன்னு ஒருத்தர் இந்தக் கரையில அதைப் படம் எடுத்தார், 2000-ல அதுக்குப் பெரிய விருதெல்லாம் கிடைச்சது. மறு வருஷமே, 2001-ல, புலி யானைக்கு இருக்கிற அதே சட்டத்துல இதையும் சேர்த்துட்டாங்க. இந்தியாவுல அந்தப் பாதுகாப்பு கிடைச்ச முதல் மீன் இதுதான்.

சட்டம் போட்டா ஆச்சா? நம்ம ஊர்லயே எத்தனை சட்டம் இருக்கு! 2004-ல வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து, ராமாயணக் கதை சொல்ற மொராரி பாபுவைக் கூட்டியாந்துட்டாங்க. அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணு: பிரசவத்துக்குத் தாய்வீடு வர்ற மகளை எவனாவது கொல்லுவானா? அவ்வளவுதான், பேரல் போய் "வ்ஹாலி" ஆயிருச்சு, செல்லம்னு அர்த்தம். நான் முதல்ல ராமாயணத்துக்காரர்தானே, கிஷ்கிந்தை வாலியைச் சொல்றாருன்னு நெனச்சுட்டேன், அந்தப் பிள்ளை சிரிச்ச சிரிப்புல புரையேறிப்போச்சு. இப்போ வலையில சிக்கினா இங்கத்த கார்வா மீனவங்க தங்கள் வலையைத் தாங்களே அறுத்து விட்டுடறாங்க, போட்டோ காட்டினா அரசாங்கம் வலைக்கு ஈடு கொடுக்குது. இப்படி எண்ணூறுக்கு மேல பிழைச்சிருக்கு. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருத்தர், வாலிபத்துல பேரல் பிடிச்சவர்தான், இப்போ அந்தப் பேச்சை எடுத்தாலே பீடியைப் பத்த வச்சுக்கிட்டு வேற பக்கம் திரும்பிக்கிறார்.

இதுல அந்தப் பிள்ளைக்கு என்ன வேலைங்கிறியா? எது எங்க வருது, எப்போ வருது, வந்ததேதான் திரும்ப வருதான்னு பார்க்கிறது. அதுக்கு உடம்புப் புள்ளியைப் பார்க்கணுமாம். ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வேற வேற, நம்ம கைரேகை மாதிரி சாகிற வரைக்கும் மாறாது. நட்சத்திரப் படங்களை ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பார்க்க வானசாஸ்திரக்காரங்க வச்சிருந்த கணக்கை எடுத்து, அதே கணக்குல மீனை அடையாளம் பார்க்காங்கடி! அவ கம்ப்யூட்டர்ல ரெண்டு படத்தைப் பக்கத்துல வச்சுக் காட்டினா. நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் போட்டு வளர்ந்த கையில்லையா நமக்கு, "இது ரெண்டும் ஒரே கோலம் இல்லை, மூணாவது வரிசையில ஒண்ணு தள்ளி இருக்கு"ன்னு பட்டுன்னு சொல்லிட்டேன். மிஷினும் அதையேதான் சொல்லுச்சு. இவர் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார் பாரு, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அப்படிப் பார்த்ததில்லை.

ஆனா அவளுக்கு ஒரு பெரிய குறை. செவுளுக்குப் பின்னால, இடதுபக்கத்தைத்தான் எடுக்கணும்னு ஒரு வழக்கம் இருக்காம். படகுக்காரங்க எடுக்கிற படத்துலயோ வலை இருக்கு, வால் இருக்கு, கத்தி பிடிச்ச கை இருக்கு, இடதுபக்கம் மட்டும் இருக்காது. அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை, துள்ளுற பஸ்ஸை அவுத்துவிடுறவன் "அம்மா, கொஞ்சம் இடதுபக்கம் திரும்பு"ன்னா சொல்லுவான்?

அப்புறம் அவ சுவத்துல ஒரு மேப். வெராவல், சூத்ராபாடா, தாம்லேஜ், மாங்ரோல்னு கரையோரமா ஒரே குண்டூசி. அதுக்கு அங்கிட்டு வெறுமை. மழைமாசத்துக்கும் வெறுமை. "அப்போ மழைக்காலத்துல வேற எங்கேயோ போயிடுமா?"ன்னேன். "ஆன்ட்டி, ஜூன் ஜூலையில படகே போகாதே, யார் பார்த்துச் சொல்லுவாங்க"ங்கிறா. அதாவது அந்த மேப் மீன் இருக்கிற இடத்தைக் காட்டலை, மனுஷன் போற இடத்தைக் காட்டுது. எனக்கு அன்னிக்குப் பூரா அதே நெனப்பு. உன் கடுதாசி வராத ரெண்டு மாசத்துல நான் என்னென்னல்லாம் நெனச்சேன், வாசல்ல நின்னுக்கிட்டுத் தபால்காரனை மட்டும் பார்த்துக்கிட்டு!

படகு போகாத இடத்துல மீன் எங்க போகுதுன்னு தெரியத்தான் அது முதுகுல ஒரு கருவியை மாட்டி விடுறாங்களாம், இங்க 2011-லேர்ந்து செய்றாங்க. ஆனா உப்புத்தண்ணிக்குள்ள ரேடியோ அலை போகாது, மேல வந்து கருவியோட கம்பி வெளிய நீட்டினாத்தான் செயற்கைக்கோளுக்குச் சேதி. மீன் ஒரேயடியா முங்கிட்டா சத்தமில்லை. இது முங்குறதும் சாமானியமா இல்லை, 1,900 மீட்டர் ஆழம் வரைக்கும் போயிருக்கு. பனாமா பக்கத்துல கருவி மாட்டின பொம்பளைச் சுறா ஒண்ணு, 841 நாளைக்குள்ள 20,000 கிலோமீட்டருக்கு மேல போய், பசிபிக்கின் அந்தக் கோடியில மரியானா அகழிப் பக்கம் தலைகாட்டியிருக்கு. எதுக்குப் போச்சுன்னு அதுக்குத்தான் தெரியும்.

பிரசவச் சேதிதான் இன்னும் வேடிக்கை. 1995-ல தைவான்ல ஒரு சுறாவோட வயித்துல முந்நூறு குட்டி இருந்துதாம், காந்தாரியெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. ஆனா எந்தக் கடல்ல பெத்துப் போடுதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கண்ணால பார்க்கலை. பிலிப்பைன்ஸ்ல 2009-ல ஒரு முழம் நீளத்துல ஒரு குட்டி கிடைச்சுது, இங்க 2013-ல சூத்ராபாடா வலையில ஒண்ணு வந்துது, விட்டுட்டாங்க. மொராரி பாபு சொன்ன தாய்வீடு இதுதான்னு அந்தப் பிள்ளை இன்னும் ஒத்துக்கலை, ஆதாரம் பத்தாதுங்கிறா. பா-கிட்ட அதைச் சொல்லிப் பாரு, சண்டைக்கு வந்துருவாங்க!

நம்ம மதுரைச் சௌராஷ்டிரக்காரங்க பூர்வீகம் இந்தச் சீமைதானே, எத்தனை தலைமுறை போயும் பேச்சை வச்சுத்தான் அவங்க வழியைப் பிடிச்சாங்க. நம்ம அம்மணிக்குப் பேச்சில்லை, புள்ளி இருக்கு.

அதனால ஒரு உதவிடி கோமு. மன்னார் வளைகுடாவுலயும் அம்மணி வலையில சிக்குறதுண்டாமே. தூத்துக்குடியில இருக்கிற உன் கொழுந்தன்கிட்டச் சொல்லி வை, படகுக்காரங்க யாராவது பார்த்தா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. இடதுபக்கம், மறந்துராத. இடதுபக்கம். அப்படியே அடுத்த பார்சல்ல நாலு பாக்கெட் கூழ்வத்தல் போட்டு விடு, எங்க வீட்டு மாடியில காயப்போட்டா காக்கா விடமாட்டேங்குது.

உன்,
செண்பகம்