பத்து நிமிடம் ஓடி நின்ற வண்டி

தோட்டப்புறத்தில் கப்சாயை அறியாத பிள்ளை இல்லை. 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘சூப்பர் கப்’ என்னும் சிறு மோட்டார் சைக்கிளின் பெயரோடு, ‘சிறியது’ என்று பொருள்படும் சீனச் சொல்லொன்று சேர்ந்து பிறந்த பெயர் அது. 2017ஆம் ஆண்டில் அவ்வினத்து வண்டிகளின் உற்பத்தி 10 கோடியை எட்டியது. பிறர் செய்த அதே வடிவ வண்டிகளையும் நம் மக்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர். மீன் கூடையும், எரிவாயுத் தோம்பும், பள்ளிக்குச் செல்லும் மூன்று பிள்ளைகளும் அதன்மேல் போவதை நாம் கண்டிருக்கிறோம். சட்டம் அதற்கு இடந்தராது என்பது வேறு செய்தி!

1984ஆம் ஆண்டு சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். தந்தையாரும் அன்னையாரும் பால்மரம் வெட்டும் தொழிலாளர்கள். லயத்து வீட்டிலிருந்து அவர்களுடைய வெட்டுக்காடு 3 கட்டைத் தொலைவு. அதற்கென்றே பலர் கைமாறிய ஒரு பழைய கப்சாயைத் தந்தையார் வாங்கியிருந்தார்.

பால்மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டுகிறார்கள் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். மரப்பட்டையின் உள்ளே நுண்ணிய பால்குழாய்கள் உள்ளன. வெயில் ஏறுமுன் அவற்றில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளியிடும். குழாய்களில் அழுத்தம் தளரும். பாலின் ஓட்டமும் குறையும். ஆகவே காலையில் அரைமணி நேரம் தாமதித்தால் அது நண்பகலில் நிறுவையில் தெரிந்துவிடும்.

அவ்வாண்டு டிசம்பரில் வண்டிக்கு நோய் கண்டது. ஓர் உதையில் உயிர் பெறும்; சிறிது தூரம் நன்றாக ஓடும்; பின்னர் இளைப்பு நோயாளியைப் போல் இழுத்து இழுத்து நின்றுவிடும். கால்மணி நேரம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடவாதது போல் மீண்டும் ஓடும். இருளில் தந்தையார் வண்டியைத் தள்ள, அன்னையார் கைவிளக்கும் பால் வாளியுமாகப் பின்னால் நடந்த காலைகள் பல. பட்டணத்துப் பட்டறை ஒன்றில் கேட்டபோது, கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், 60 வெள்ளி ஆகும் என்றனர்.

வீட்டில் 60 வெள்ளி இருக்கத்தான் செய்தது. ஆறாம் வகுப்பை முடித்திருந்த எங்கள் அண்ணன் ஜனவரியில் பட்டணத்தில் புகுமுக வகுப்பில் சேர வேண்டும். சீருடைக்கும் காலணிக்கும் முதல் மாதப் பேருந்துக் கட்டணத்துக்கும் என்று மாவுப்பால் டின்னில் சேர்த்துவைத்த பணம் அது. தந்தையார் அந்த டின்னை எடுத்துப் பார்த்தார். மீண்டும் அலமாரியின் மேலேயே வைத்தார். “ஞாயிறு வரை பொறுப்போம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரம்புத்தான் மரத்தடியில் வண்டி நிறுத்தப்பட்டது. அண்ணன் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, இளையவர்களாகிய நாங்கள் இருவரும் எட்ட நின்று பார்த்தோம். அன்று தந்தையாரும் அண்ணனும் பேசிக்கொண்டதில் பாதிதான் எங்களுக்கு விளங்கியது. மீதியைப் பின்னாளில் கற்றுக்கொண்டோம். இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

பெட்ரோல் இயந்திரம் ஓடுவதற்கு மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்த கலவை ஒன்று; ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று தேவை. அக்கலவையைப் பிஸ்டன் உருளைக்குள் நெருக்கிப் பிடிப்பது இரண்டு. உரிய கணத்தில் பிளக் தரும் தீப்பொறி மூன்று. ஒருபோதும் உயிர் பெறாத வண்டியில் இம்மூன்றில் ஒன்று தொடக்கத்திலேயே இல்லை எனலாம். ஓடிவிட்டு நிற்கும் வண்டியின் கதை வேறு. அதில் மூன்றும் இருக்கின்றன. ஓடும்போது ஏதோ ஒன்று மாறிப் போகிறது. எனவே அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி, “எது கெட்டது?” என்பதன்று, “இந்நேரத்துக்குள் எது மாறியது?” என்பதே.

அண்ணன் அண்டை வீட்டாரின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கி வந்தார். வண்டியை நிறுத்திவைத்தபடியே மூன்று முறை ஓடவிட்டோம். 10 நிமிடம், 11 நிமிடம், 10 நிமிடம். இவ்வளவு ஒழுங்காக நிற்கும் வண்டி தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது! 10 நிமிடத்தில் மாறக்கூடியவை இரண்டு. இயந்திரம் சூடாகிறது, பெட்ரோல் செலவாகிறது.

முதலில் சூட்டைப் பார்த்தார்கள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சுருள் பழுதானால், குளிர்ந்திருக்கும்போது வேலை செய்து, சூடேறியதும் கைவிட்டுவிடுவதுண்டு. ஆகவே வண்டி நின்ற மறுகணமே பிளக்கைக் கழற்றி, கம்பியோடு சேர்த்து, அதன் உலோகப் பகுதியை இயந்திரத்தின் மேல் படும்படி வைத்துத் தந்தையார் உதைத்தார். நீல நிறத்தில் பொறி பளிச்சென்று தெறித்தது. சுருள்மீது குற்றமில்லை. (இச்சோதனையைப் பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் செய்யலாகாது, பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் செய்யவே கூடாது.) பிளக்கின் முனையும் காப்பி நிறமாகவே இருந்தது. பெட்ரோல் மிகுந்தால் அது கரி பிடித்துக் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். காப்பி நிறம் நலத்தின் அடையாளம்.

அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதன் கீழுள்ள திருகாணியைத் தளர்த்தினால் உள்ளிருக்கும் பெட்ரோல் வடியும். வண்டி நின்றதும் தளர்த்திப் பார்த்தார்கள். இரண்டு சொட்டு விழுந்தது; அவ்வளவுதான். தொட்டியில் பாதிக்குமேல் பெட்ரோல் இருக்கிறது. கிண்ணமோ வறண்டு கிடக்கிறது. வடிகட்டியைக் கழுவினார்கள், குழாயை ஊதினார்கள், இரண்டிலும் அடைப்பில்லை.

அதுவரை அரிசி புடைத்துக்கொண்டிருந்த அன்னையார், “எண்ணெய் நிறைய ஊற்றிய மறுநாள்தான் இது சீக்கிரம் நிற்கிறது. வற்றிப்போனால் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது” என்றார். நாள்தோறும் பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவர் அல்லவா? தொட்டி நிறைந்திருந்தால் விரைவில் நிற்பதா? எங்களுக்கு அது புதிராக இருந்தது. தந்தையார் மட்டும் எழுந்து, இருக்கையைத் தூக்கி, அதன் கீழுள்ள தொட்டியின் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. கீழே வைத்திருந்த சிரட்டையில் பெட்ரோல் கலகலவென்று வடியத் தொடங்கியது.

அவ்வண்டியில் பெட்ரோல் தன் எடையினால் மட்டுமே தொட்டியிலிருந்து கீழே இறங்குகிறது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே புக வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு நுண்துளை வைத்திருக்கிறார்கள். தோட்டச் சாலையின் செம்மண் தூசி எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அத்துளையை அடைத்திருந்தது. காற்றுப் புகாததால் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்து, பெட்ரோலை மேலேயே பிடித்து நிறுத்தியது. கால்மணி நேரம் நின்றால் தூசியினூடே காற்று மெல்லக் கசிந்து புகும். வண்டியும் மீண்டும் ஓடும். தொட்டி நிறைந்திருக்கும்போது மேலே காற்றுக்கு இடம் குறைவு. ஆகவே சிறிது பெட்ரோல் இறங்கியதுமே அழுத்தம் விழுந்துவிடும். அன்னையார் சொன்ன புதிரின் விடை அதுதான்.

தந்தையார் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது அன்னையார் சிரித்தார். “கெட்டிப்பால் டின்னுக்கு எத்தனை துளை போடுகிறேன்?” என்று கேட்டார். இரண்டு துளை, ஒன்றில் பால் வரும், மற்றொன்றில் காற்றுப் போகும். ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் வராது என்பதைத் தேநீர் கலக்கும் யாரும் அறிவர். நாங்கள் அன்றே ஒரு டின்னில் அதைச் செய்து பார்த்தோம்; விரலால் ஒரு துளையை மூடியும் திறந்தும் பாலை வீணாக்கியதற்கு வசவும் வாங்கினோம்.

மூடியைப் பெட்ரோலில் ஊறவைத்து, தையலூசியால் துளையைத் திறந்து, ஊதிப் பூட்டினார்கள். மூடியைத் தளர்த்திவிட்டே ஓட்டலாமே என்று அண்ணன் கேட்டார். தந்தையார் உடன்படவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து சிந்தும் பெட்ரோல் சூடான இயந்திரத்தின்மேல் விழுந்தால் என்னவாகும்?

அன்று வண்டி 40 நிமிடம் நிற்காமல் ஓடியது. பெட்ரோல் வீணாகிறது என்று அன்னையார் சொன்ன பிறகே நிறுத்தினார்கள். செய்தி பரவ, லயத்தில் மேலும் இருவர் தத்தம் வண்டிகளைக் கொண்டுவந்தனர். ஒன்று சோக்கைப் போட்டால் மட்டுமே ஓடியது. கார்புரேட்டரின் நுண்துளையில் துகள் அடைத்திருந்தது. மற்றொன்றின் நோய் தந்தையாருக்கும் பிடிபடவில்லை. அது பட்டறைக்கே போயிற்று. இன்று வரும் புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. மின்விசையால் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். ஆயினும் பழைய வண்டிகள் நம்மவர் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

திங்கட்கிழமை பிரட்டுக்குப் பெற்றோர் இருவரும் வண்டியிலேயே நேரத்தோடு போய்ச் சேர்ந்தனர். ஜனவரியில் அண்ணன் புகுமுக வகுப்புக்குச் சென்றார். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்கியிருந்தார்கள். அதன் முனையில் பஞ்சு வைத்து அணிந்துகொண்டு அவர் பேருந்துக்கு நடந்தார்.