உப்புக் காற்றும் பிரேக் குழாயும்

அரபியில் வண்டியின் பிரேக்கை 'மிக்பஹ்' என்பர். கடிவாளத்தை இழுத்துக் குதிரையை அடக்குவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழிலும் முட்டுக்கட்டை என்றோர் அருமையான சொல் உண்டு. உருளும் சக்கரத்தைத் தடுக்க இடும் கட்டைக்குரிய அச்சொல், இன்று நற்காரியங்களைக் கெடுப்போருக்கே பெரிதும் வழங்குகிறது. ஓட உதவுவதைப் புகழ்ந்து நிற்க உதவுவதை இகழ்வது மாந்தர் வழக்கம் போலும்!

நம் மத்ரஸாவின் பழைய பிக்கப் வண்டியை முன்னிட்டே இதனை எழுதுகிறோம். அரிசியும் விறகும் சுமந்து இருபத்தைந்து ஆண்டுகளாக உழைக்கும் வண்டி அது. சென்ற மாதம் தெருமுனையில் அதன் பிரேக் மிதி திடீரென வெகு தாழ அமிழ்ந்தது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் எண்ணெய் வழிகள் தனித்தனியே அமைந்திருந்தமையால் முன்சக்கரங்கள் பிடித்தன, வண்டி நின்றது. பின்னே செல்லும் குழாயைச் சட்டத்தோடு பிணைக்கும் கிளிப்பின் அடியில் கசிவு இருந்தது. மன்னார் வளைகுடாவின் உப்பும் சேறும் ஒளிந்திருந்து இரும்பை அரிக்குமிடம் அதுவே.

மூடிய திரவத்தின் மீது தரும் அழுத்தம் எப்பக்கமும் குறையாது பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் நிறுவிய விதி. அதனை வண்டியின் பிரேக்குக்குப் பயன்படுத்தி அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை பெற்றார். இன்றும் பல வண்டிகளில் 4.75 மில்லிமீட்டர் விட்டமே உள்ள மெல்லிய குழாய்தான் அவ்வழுத்தத்தைச் சுமந்து செல்கிறது.

கசியும் துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாகாதா என்றனர் நிர்வாகத்தார் சிலர். குளிர்பதனப் பெட்டிக்குரிய செப்புக் குழாய் மலிவாயிற்றே என்றார் ஒருவர். பட்டறைக்காரத் தம்பி இரண்டுக்கும் இசையவில்லை. வெறுஞ்செம்பு அதிர்வில் இறுகி நாளடைவில் வெடிக்கும் என்றார். "ஆலிம்சா, ஒரு இடம் அரிச்சிருந்தா மத்த இடத்துக்கும் அதே வயசுதானே?" என்று நம்மையும் கேட்டார். நாம் அவர் பக்கம் நின்றோம். வண்டி திரும்பும் வளைவில்தான் தொடக்கப் பள்ளியின் வாசல் இருக்கிறது. மணியடித்ததும் பிள்ளைகள் பார்த்தா ஓடி வருவார்கள்? மராமத்துத் தொகை போதாமையால் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்பது தள்ளிவைக்கப்பட்டது. சுவர் ஓராண்டு பொறுக்கும்.

துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பழைய குழாயை அச்சாக வைத்துப் புதியதை வளைத்தார். முனையை விரித்து உள்ளே மடிக்குமுன் நட்டைக் கோத்துவிட வேண்டும். மறந்தால் முனையை அறுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதே. பழைய எண்ணெயையும் முற்றிலும் வடித்தார். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாயின் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காதிருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140ஆகத் தாழ்கிறது. கொதித்து ஆவியானால் அமுக்க அமுங்கும், மிதி வீணாகும்.

காற்றை வெளியேற்றும் வேலை இடப்பின் சக்கரத்தில் தொடங்கியது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ளது அதுவே. நம் மாணவர் ஒருவர் மிதியில் கால் வைத்திருந்தார். "மிதி", "பிடி" என்று கீழிருந்து குரல் வரும். திருகு மூடும்வரை காலை எடுக்கலாகாது. எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே புகும். பாடவேளையில் நம் சொல்லுக்கு அவர் இத்துணை விரைந்து கீழ்ப்படிந்து நாம் கண்டதில்லை! புட்டியில் குமிழி நின்றபின் அடுத்த சக்கரத்துக்குப் போனார்கள்.

இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்து, மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார் தம்பி. ஈரமில்லை. மறுநாள் ஸுப்ஹுக்குப் பின், ஆளரவமற்ற திடலில் வெறும் வண்டியை ஆறேழு முறை ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே, அரிசி ஏற்றிவர ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்தார்.