ஒரு பிளக்கும் ஒரு பெருக்கல் கணக்கும்



இன்று உங்களுக்கு ஒரு கணக்கு சொல்லப் போகிறேன். ‘கணக்கா? பக்கத்தைத் திருப்பு!’ என்று ஓடிவிடாதீர்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அம்மாவுக்குத் துணையாகப் பால் வெட்டப் போனவள் நான். எனக்கே விளங்கிய கணக்கு உங்களுக்கு விளங்காமல் போகுமா?

நான் பிறந்து வளர்ந்தது லயத்து வீட்டில். அந்நாளில் எங்கள் தோட்டத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் ஜெனரேட்டர் ஓடும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். யாராவது ஆசைப்பட்டு இஸ்திரிப் பெட்டியை மாட்டிவிட்டால், லயம் முழுவதும் விளக்கு மங்கும். “யார் வீட்டில் அது?” என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும். அளவுக்கு மீறினால் விளக்கே காட்டிக் கொடுத்த காலம் அது.

பிறகு புக்கிட் தெங்காவுக்குக் குடிவந்தோம். பிறையில் தொழிற்சாலை வேலை, சொந்தமாக ஒரு தொடர் வீடு, இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம். கரண்டுக்குக் குறைவில்லை என்றதும், அதன் மேலிருந்த பயமும் போய்விட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி விடியற்காலை. எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் வைக்க மின்சாரக் கெட்டில். ஒரு பக்கம் ரைஸ் குக்கர். மறுபக்கம் புதுத்துணிக்கு இஸ்திரி. மூன்றையும் கூடத்திலிருந்த ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்தேன். அதன் அருகே பாயில் என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததும் திரும்பிப் பார்க்கிறேன், பிளக் உருகிப் புகைகிறது! பக்கத்துத் திரைச்சீலையின் ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. என் கணவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடைத்தார். நான் பேத்தியை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அன்று பலகாரம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மாலையில் என் அண்ணன் மகன் வந்தான். வயர்மேன் வேலை பார்ப்பவன். “பியூஸ் இருந்தும் ஏனய்யா இப்படி ஆச்சு?” என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அத்தை, தோட்டத்துல மேட்டு மேல தண்ணித் தொட்டி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? தொட்டி எவ்வளவு உயரமோ, தண்ணிக்கு அவ்வளவு அழுத்தம். அதுதான் வோல்ட். குழாயில ஓடுற தண்ணிதான் அம்பியர். குழாய் சின்னதா இருந்தா ஓட்டம் குறையும்ல? அந்தத் தடைதான் ஓம்.”

ஜெர்மானியரான ஓம் என்பவர் 1827இல் எழுதி வைத்த விதி இது. வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை கிடைக்கும். வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது திறன் கிடைக்கும். இவ்வளவுதான் கணக்கு!

கெட்டிலின் அடியில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னான்: 220–240 வோல்ட், 1850–2200 வாட். 2200ஐ 240ஆல் வகுத்தோம், 9.17 அம்பியர். 240ஐ 9.17ஆல் வகுத்தோம், தடை ஏறக்குறைய 26 ஓம். பிறகு 1850ஐ 220ஆல் வகுத்தால் 8.4 அம்பியர். 220ஐ அதனால் வகுத்தால் மறுபடியும் அதே 26 ஓம்! அழுத்தம் ஏறினால் ஓட்டம் ஏறுகிறது, உள்ளேயிருக்கும் கம்பியின் தடை மாறவில்லை. எனக்கு ஒரே வியப்பு.

முன்பு நம் நாட்டில் 240 வோல்ட் என்று கணக்கு. 2008 முதல் 230 வோல்ட் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கெட்டிலுக்கு 8.8 அம்பியர், 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3, 700 வாட் ரைஸ் குக்கருக்கு 3. மொத்தம் 16 அம்பியருக்கும் மேல். என் பிளக் தாங்குவது 13தான்!

“13 பியூஸ் 16இல் உடனே போயிடாது அத்தை. ரொம்ப நேரம் தாங்கும். கசிவைப் பிடிக்கிற சுவிட்சும் இதைக் கண்டுக்காது. அது ஷாக் அடிக்காம காக்கத்தான்” என்றான்.

சரி, பிளக் ஏன் உருகியது? பிளக்கின் கால் தளர்ந்திருந்ததாம். அந்த இடத்தில் 0.2 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 16 அம்பியர் ஓடினால் 16ஐ 0.2ஆல் பெருக்க 3.2 வோல்ட். அதை மறுபடி 16ஆல் பெருக்கினால் 51 வாட். ஒரு குண்டு விளக்கின் சூடு முழுவதும் கட்டைவிரல் அளவு இடத்தில்! இதுவே 8 அம்பியராக இருந்தால் 13 வாட்தான். ஓட்டம் பாதியானால் சூடு கால்வாசியாகிறது, பார்த்தீர்களா?

வாசகர்களே, ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் நம் பெரியவர்கள். இன்றே உங்கள் வீட்டுச் சாமான்களின் அடியில் எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள். ஓர் எக்ஸ்டென்ஷனில் மாட்டுவதையெல்லாம் கூட்டி 230ஆல் வகுங்கள். அதில் 13 அம்பியர் என்று எழுதியிருந்தால், விடை 13ஐத் தொடவே விடாதீர்கள். சூடு போடும் சாமான்களை ஒவ்வொன்றாகச் சுவரிலேயே மாட்டுங்கள். பிளக் தொட்டால் சுடுகிறதா, கறுத்திருக்கிறதா? நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

தோட்டத்தில் விளக்கு மங்கி நம்மை எச்சரித்தது. பட்டணத்து விளக்கு மங்குவதில்லை. கணக்குதான் நம்மை எச்சரிக்க வேண்டும். இப்போது பள்ளி செல்லும் என் பேத்தி, எதை மாட்டுவதென்றாலும் “பாட்டி, எத்தனை வாட்?” என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறாள். உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.