மிஸ்கிக் ஊரில் மணி அடிக்கும் வாரம்

அக்டோபர் 28

சான் ஆந்த்ரேஸ் மிஸ்கிக், மெக்சிகோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. பெயருக்குத்தான் மாநகரம், வாய்க்கால்களுக்கு நடுவே சினாம்பா மேட்டுப் பாத்திகளில் காய்கறி விளைகிற ஊர். மாண்டவர்கள் வீடு தேடி வருவதாக நம்பும் ‘இறந்தோர் நாள்’ விழா நெருங்குவதால், இந்த வாரம் ஊர்ச்சனம் கல்லறைத் தோட்டமே கதியென்று கிடக்கிறது. பழைய தேவாலயத்தை ஒட்டியே கல்லறைகள். களை பிடுங்குகிறார்கள், கல்லைக் கழுவுகிறார்கள், மண்மேட்டைக் கொத்திச் சீராக்குகிறார்கள்.

சந்தையில் செம்பசூச்சில் பூ குவிகிறது. நம்மூர் மாலைக்காரர்கள் தொடுக்கும் செண்டுமல்லிதான். அதன் தாயகமே மெக்சிகோ.

அக்டோபர் 29

2016இல் இதே தேதியில்தான் தலைநகரின் முதல் மாபெரும் இறந்தோர் நாள் ஊர்வலம் நடந்தது. ராட்சத எலும்புக்கூடுகள், ஒப்பனை முகங்கள், தெருவெல்லாம் கூட்டம். ஏதோ ஆஸ்டெக் காலத்து வழக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அதற்கு வித்திட்டது முந்தைய ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘ஸ்பெக்டர்’. படத்தின் தொடக்கத்தில் அப்படியோர் ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டினார்கள். பார்த்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் தேடி வருவார்களே என்று அரசு அதை நிஜமாக்கியது.

சினிமா பெற்ற பிள்ளை என்று தள்ளிவிடவும் முடியாது. 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த ஊர்வலம், மாண்டவர்களுக்கும் இடிபாடுகளைத் தோண்டிய மீட்புப் பணியாளர்களுக்கும் அஞ்சலியாக அமைந்தது. வெளியார் கற்பனைக்குள் ஊர்க்காரர்கள் தங்கள் துக்கத்தைக் குடியேற்றிக்கொண்டார்கள்.

அக்டோபர் 30

எல்லைக்கு அப்பால், லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியிலும் ஏற்பாடுகள். அங்கே ‘செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்’ என்ற கலைக்கூடம் 1970களின் தொடக்கத்திலிருந்து இந்த நாளைக் கொண்டாடி வருகிறது. அதை உருவாக்கியவர்களில் கேரன் பொக்காலேரோ என்ற பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரியும் ஒருவர். சிக்கானோ எனப்படும் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களுக்கு அது நினைவுச் சடங்கு மட்டுமல்ல, நாங்களும் இங்கே இருக்கிறோம் என்ற அறிவிப்பும்கூட.

2013இல் இந்த விழாவின் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது டிஸ்னி. எதிர்ப்பு வெடித்ததும் பின்வாங்கியது. அப்போது கேலிச்சித்திரம் போட்டுச் சாடிய லாலோ அல்காராஸையே பிறகு இதே விழாவை மையமாக வைத்த தங்கள் ‘கோகோ’ படத்துக்கு ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். கெட்டிக்கார நிறுவனம்!

அக்டோபர் 31

மிஸ்கிக்கில் நண்பகல் மணி. இறந்த குழந்தைகள் வரும் நேரம் இது. மேசையில் வெள்ளைப் பூ, பால், இனிப்பு, பொம்மை. காரம் கிடையாது, பிள்ளைகளுக்கு ஆகாதே! நெடுவழி நடந்து வருபவர்களின் தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர். பக்கத்தில் ஒரு சிறு தட்டில் உப்பு. வழி தெரியட்டும் என்று வாசலில் நட்சத்திர விளக்கு.

நவம்பர் 1

மறுபடி நண்பகல் மணி. குழந்தைகள் விடைபெற, பெரியவர்கள் வருகிறார்கள். படையலும் மாறுகிறது: மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்து அரைத்த மோலே குழம்பு, சோள மாவை அவித்த தமாலே, அவரவர் விரும்பிய மது, சிகரெட். நடுவில் ‘பான் தே முவெர்த்தோ’ ரொட்டி. வட்டமான ரொட்டியின் மேல் எலும்பு வடிவில் மாவை உருட்டி ஒட்டி, சர்க்கரை தூவியிருக்கும்; கிட்டப் போனால் ஆரஞ்சுப்பூ வாசனை. கோப்பால் பிசின் புகைகிறது. வாசலிலிருந்து படையல்வரை பூவிதழ்ப் பாதை.

நவம்பர் 2

மாலையில் ‘அலும்பிராதா’. கல்லறைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றிக் குடும்பமாகச் சுற்றி உட்காருகிறார்கள். யுனெஸ்கோ 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது மெக்சிகோவின் பழங்குடிச் சமூகங்கள் காத்துவரும் இந்த மரபைத்தான். இப்போது வரப்பு மாதிரி இருக்கும் நடைபாதையில் கேமராவுடன் வெளியூர்க் கூட்டம் நெருக்கியடிக்கிறது. தெருவில் தின்பண்டக் கடைகள், ஒப்பனை போட்டுவிடும் பெண்கள். ஊருக்கு இதில் வருமானமும் உண்டு, எரிச்சலும் உண்டு. கிழவி ஒருத்தி யாரையும் பொருட்படுத்தாமல், கரைந்து சாய்ந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தி, அடியில் மண்ணை அணைத்து வைக்கிறாள்.

நவம்பர் 3

படையல் கலைகிறது. ரொட்டியும் பழமும் தமாலேயும் தட்டுத் தட்டாக அண்டை வீட்டுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகின்றன. அங்கிருந்தும் தட்டுகள் வருகின்றன. சாரத்தை வந்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால் ருசி குறைந்திருக்கும் என்பது பெரியவர்கள் பேச்சு. அதற்காக யாரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில்லை.