தானே விதைக்கும் வயல்கள்

பழைய பொருட்களின் மேல் எனக்கிருக்கும் பிடிவாதமான பற்றை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். மை ஊற்றி எழுதும் பேனாவை நான் இன்னும் விடவில்லை. தாத்தாவின் சாவி கொடுக்கும் கடிகாரம் நாளுக்கு நான்கு நிமிடம் பின்தங்கினாலும் அதையே கட்டிக்கொள்கிறேன். புதியது வசதியானது என்று யாராவது சொன்னால், வசதி என்பது ஒரு தகுதியா என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். அந்தக் கேள்விக்கு ஒரு கணிப்பொறி விளையாட்டு எனக்குப் பதில் சொன்னதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999 இல் வெளிவந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்க, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அடுத்த ஆண்டே 'தி கான்க்கரர்ஸ்' என்ற விரிவாக்கம் வந்தது. ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு சுருக்கம்: உங்களிடம் மூன்று குடியானவர்களும், குதிரையேறிய ஓர் ஒற்றனும், ஊர் நடுவே ஒரு மன்றமும் இருக்கும். மரம் வெட்ட வேண்டும், ஆடு மேய்க்க வேண்டும், பொன்னும் கல்லும் தோண்ட வேண்டும், வயல் உழ வேண்டும். அந்தச் சேமிப்பிலிருந்து படை திரட்டி அண்டை அரசனை வெல்ல வேண்டும். கோட்டை முற்றுகை, யானைப்படை என்று வெளிப்பார்வைக்கு இது ஒரு போர் விளையாட்டு. விளையாடியவர்களுக்குத்தான் தெரியும், இது அடிப்படையில் விவசாயம் என்று.

2003 இல் திருச்சியில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஆறு கணிப்பொறிகள் இருந்தன. மணிக்கு இருபது ரூபாய். இரவு எட்டு மணிக்கு மேல் இணையத்தைத் தேடி வருபவர்கள் குறைந்ததும், ஆறையும் கம்பியால் இணைத்து எங்களை ஆட விடுவார் கடைக்காரர். நான் பிளஸ் டூ மாணவன். அண்ணன் பாலிடெக்னிக் இறுதியாண்டு. அந்த அறையில் அவனுக்கு 'விவசாயி' என்று பெயர்.

காரணம் இருந்தது. அந்த ஆட்டத்தில் ஒரு வயல் அமைக்க அறுபது மரம் செலவாகும். அது நூற்றெழுபத்தைந்து உணவு தந்துவிட்டுத் தரிசாகிவிடும். உழுதுகொண்டிருந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவான். நீங்கள் திரும்பி வந்து அவனைத் தேர்ந்தெடுத்து, மீண்டும் மரம் கொடுத்து விதைக்கச் சொல்ல வேண்டும். முப்பது வயல்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் தரிசாகும். எல்லையில் போர் நடக்கும்போதுதான் பெரும்பாலும் ஆகும். எங்களில் பலர் போரைப் பார்த்து வயலைக் கோட்டைவிடுவோம். பத்து நிமிடத்தில் படைக்குச் சோறு இராது. அண்ணனின் வயல்கள் மட்டும் தரிசானதே இல்லை. அவன் விரல்கள் எங்கோ ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு தாமாக ஓடும். விரிவாக்கத்தில், ஆலைக்கு முன்கூட்டியே மரத்தைச் செலுத்தி விதைப்பை வரிசையில் நிறுத்தும் வசதி வந்தது. "முன்பணம் கட்டி உழவாடா?" என்று சிரித்தவன், கடைசிவரை கையாலேயே விதைத்தான்.

அந்த அறையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய ஆட்டத்தின் பிணைய அமைப்பு விந்தையானது. ஆயிரம் வீரர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பதையெல்லாம் அனுப்ப அக்காலத்துத் தொலைபேசி இணைப்புகளால் முடியாது. அதனால் அவர்கள் கட்டளைகளை மட்டுமே அனுப்பினார்கள். ஒவ்வொரு கணிப்பொறியும் அதே போரைத் தனித்தனியே, இம்மியும் பிசகாமல் நடத்திப் பார்த்துக்கொள்ளும். நொடியின் ஐந்தில் ஒரு பங்கு ஒரு சுற்று. நான் இப்போது இடும் கட்டளை இரண்டு சுற்றுகள் கழித்து எல்லாத் திரைகளிலும் ஒரே சமயத்தில் நிறைவேறும். இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு கணிப்பொறி திணறினால் அத்தனை பேரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். எங்கள் அறையின் ஐந்தாம் எண் கணிப்பொறி அப்படிப்பட்டது. பெரும்போர் மூண்டதும் அதற்கு மூச்சிரைக்கும். ஆறு திரைகளிலும் குதிரைகள் நடந்து போகும். யாரும் அதில் உட்கார விரும்பமாட்டார்கள். அண்ணன்தான் உட்காருவான்.

மெலிந்ததற்காக எல்லோரும் காத்திருந்த அந்தப் பண்பை நான் பல ஆண்டுகள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். பழையதன் உயர்வுக்கு அதுவே சான்று என்றும் நினைத்திருந்தேன்.

* * *

அண்ணன் பின்னர் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். 2014 இல் ஒரு நாள் அழுத்து இயந்திரத்தில் அவனுடைய வலக்கை சிக்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மீதி விரல்களில் கட்டைவிரல் மட்டுமே முழுதாக வளையும். அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இடக்கையால் எழுதப் பழகினான், இடக்கையால் சாப்பிட மட்டும் மறுத்துவிட்டான். கரண்டியை வலக்கையின் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே இடுக்கிக்கொண்டு உண்பான்.

2020 ஊரடங்கில் நான் சென்னையில் அடைபட்டிருந்தேன். திருச்சியில் அவனும் அம்மாவும். தொலைபேசியில் பேச ஒன்றுமில்லாத ஒரு மாலையில், பழைய ஆட்டத்தை ஆடலாமா என்று நான்தான் கேட்டேன். புதிய பதிப்பு 2019 நவம்பரிலேயே வந்திருந்தது. ஆனால் நான் யார்? பழையதைத்தான் ஆட வேண்டும் என்றேன். மைக்ரோசாஃப்ட் தன் ஆட்டக்களத்தை 2006 இல் மூடிய பிறகும் ரசிகர்கள் நடத்திய தளங்களில் அது உயிரோடு இருந்தது. ஏறி ஆடினோம்.

முதல் கால் மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு அவன் வயல்கள் ஒவ்வொன்றாகத் தரிசாயின. இடக்கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு வயலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று காய்ந்துவிடும். நான் அவனுடைய கூட்டாளி. ஆகையால் அவன் ஊர் என் திரையில் தெரிந்தது. பழுப்பு நிறக் கட்டங்களும், அவற்றின் நடுவே சும்மா நிற்கும் குடியானவர்களும். என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. "தெற்கே மதிலில் ஓட்டை, அங்கே ஈட்டிக்காரர்களை நிறுத்து" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொன்னபடியே தெற்கே தாக்குதல் வந்தது. தோற்றோம். "கரண்ட் போற மாதிரி இருக்குடா, நாளைக்குப் பார்ப்போம்" என்று வைத்துவிட்டான். நாளைக்கு அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. பழைய ஆட்டம் மெதுவான இயந்திரத்துக்காகக் காத்திருந்தது உண்மை. மெதுவான கைக்காக அது ஒருபோதும் காத்திருந்ததில்லை. எங்களுக்கெல்லாம் அப்போது பத்து விரல்கள் இருந்ததால் அது தெரியவில்லை.

* * *

ஒரு வாரம் கழித்து, என் கொள்கைகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற புதிய பதிப்பை இருவருக்கும் வாங்கினேன்.

கண்ணுக்குப் படும் மாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். காட்சிகள் கூர்மையாகியிருந்தன. அருகே இழுத்தும் தொலைவுக்குத் தள்ளியும் பார்க்க முடிந்தது. இடிபடும் கோபுரம் கண்ணெதிரே சரிந்து கல்லாய் உதிர்ந்தது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிப்போய்விடும்.

உண்மையான மாற்றம் வயலில் இருந்தது. ஆலையில் ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டால் போதும். மரம் இருக்கும்வரை வயல்கள் தாமே மீண்டும் விதைத்துக்கொள்ளும். ஒற்றனைத் தானாக ஊரைச் சுற்றிவரச் சொல்லலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு, இதைக் கட்டு, பிறகு அதைக் கட்டு, பிறகு மரம் வெட்டப் போ என்று ஒரு குடியானவனுக்கு வேலைகளை வரிசையாகச் சொல்லிவைக்கலாம். எத்தனை பேர் மரத்தில், எத்தனை பேர் பொன்னில் என்று மேலேயே எண்ணிக்கை தெரியும். முன்பெல்லாம் இதை ஒவ்வொரு காடாகப் போய் எண்ண வேண்டும். எந்தக் கட்டடத்தில் என்ன உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது திரையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். வீரர்களுக்குப் பின்னால் ஆராய்ச்சியையும் அதே வரிசையில் நிறுத்தலாம். படையை 'வழியில் எதிர்ப்பட்டவரோடு போரிட்டுக்கொண்டே போ' என்று ஒரே கட்டளையில் அனுப்பலாம்.

பட்டியலைப் படிக்கும்போது என்னுள் இருந்த பழமைவாதி முணுமுணுத்தான்: எல்லாம் தானாக நடந்தால் விளையாடுவது யார்? இந்தக் கேள்வியை நான் மட்டும் கேட்கவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் பலரும் தானியங்கி விதைப்பைத் திறமைக்கு இழைத்த அவமதிப்பாகவே கண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அண்ணனின் அந்த விரல் தாளம் ஒரு கலைதான். அதை அருகிருந்து பார்த்தவன் நான்.

பதில் அடுத்த ஆட்டத்தில் கிடைத்தது. இடக்கையில் மவுஸ், வலக்கையின் கட்டைவிரல் விசைப்பலகையில். வயல்கள் பச்சையாகவே இருந்தன. அவன் வேகமாக ஆடவில்லை. ஆனால் எதை எப்போது செய்வது என்ற கணக்கில் அவனிடம் ஒரு பிசகும் இல்லை. எதிரி குதிரைப்படை திரட்டுவான் என்று பன்னிரண்டாம் நிமிடத்திலேயே சொன்னான். பொன் சுரங்கத்தை வளைத்து மதில் எழுப்பினான். முப்பத்தெட்டாம் நிமிடத்தில் வென்றோம். தொலைபேசியில் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "வயலை யாருடா பார்த்துக்கிட்டது?" என்றான். "அதுவே பார்த்துக்கிச்சு அண்ணா" என்றேன். சிரித்தான்.

ஆட்டத்தில் திறமை என்று நாங்கள் சொல்லிவந்ததில் இரண்டு பொருட்கள் கலந்திருந்தன என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று முடிவெடுப்பது, மற்றது முடிவெடுத்ததை நூறு முறை கையால் செய்வது. புதிய பதிப்பு இரண்டாவதை முழுவதும் நீக்கிவிடவில்லை. விரைந்த விரல்களுக்கு இன்றும் அங்கே பெரிய மதிப்பு உண்டு. ஆனால் முதலாவதற்கு இடையூறாக நின்ற பகுதியை மட்டும் அது எடுத்துவிட்டது. அதை எடுத்தவர்களும் அயலார் அல்லர். 2012 இல் பழைய ஆட்டத்துக்கு 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற விரிவாக்கத்தைத் தாமாகவே உருவாக்கி வெளியிட்ட ரசிகர்களின் குழுதான் பின்னர் இந்தப் பதிப்பின் உருவாக்கத்திலும் முன்னின்றது. பழையதை என்னைவிட அதிகம் நேசித்தவர்களே அதை மாற்றினார்கள் என்பது எனக்கு ஒரு பாடமாக இருந்தது.

* * *

தனியாக ஆடத் துணிந்தான் அண்ணன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய ஆட்டக்களத்தில் புதியவர்கள் மட்டும் என்று எழுதிய அறைக்குள் நுழைந்தாலும் ஒரு புலி காத்திருக்கும். புதியதில் தரவரிசை எண் ஆயிரத்தில் தொடங்கி, வென்றால் ஏறி, தோற்றால் இறங்கி, உங்களுக்கு ஒத்த ஒருவரையே எதிரே நிறுத்துகிறது. முதலில் வரிசையாகத் தோற்றான். தொள்ளாயிரத்துக்குச் சற்றுக் கீழே அவன் எண் நிலைகொண்டது. அதன் பிறகு பாதி ஆட்டங்களை வெல்கிறான், பாதியைத் தோற்கிறான். அதைவிட நியாயமான ஏற்பாட்டை அவன் வாழ்க்கை அவனுக்கு வேறெங்கும் அளித்ததாக எனக்குத் தெரியவில்லை.

2022 ஏப்ரலில் இந்திய அரசகுலங்களுக்கான விரிவாக்கம் வந்தது. 2013 முதல் 'இந்தியர்கள்' என்று ஒரே குலமாக இருந்தவர்கள் அதில் பிரிந்தார்கள். திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று மூன்று புதிய குலங்கள் சேர்ந்தன. இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் ஒரு தொடராக வந்தன. உறுமி வீசும் வீரர்களும் திரிசடை என்ற பெருங்கப்பலும் வந்தார்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குலமும் தன் மொழியில் பேசும். திராவிடர் தமிழில் பேசினார்கள். அண்ணன் முதல் முறை ஆடியபோது ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருந்தான். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா வந்திருக்கிறது?" என்று கேட்டாராம். "வேலைக்கு ஆள் வந்திருக்கும்மா" என்றானாம் இவன்.

இழந்தது ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறையும் இரவு எட்டு மணியும், தோற்றவனைத் தலையில் தட்டுவதும் திரும்பி வரப்போவதில்லை. ஐந்தாம் எண் கணிப்பொறிக்குப் புதிய பதிப்பில் இடமே இல்லை. 2019 இல் வெளிவந்தபோது, தரவரிசை ஆட்டத்துக்குள் விடும் முன் உங்கள் கணிப்பொறியை ஒரு சோதனை ஓட்டம் ஓடவைத்து, தேறினால்தான் அனுமதித்தார்கள். அண்ணனுக்காக நான் புதுக் கணிப்பொறி வாங்க வேண்டியிருந்தது. ஒருவர் வாங்க முடியாமல் வெளியே நிற்பார் என்பதையும் மறப்பதற்கில்லை.

சென்ற மாதம் திருச்சிக்குப் போயிருந்தபோது அவன் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். எதிராளி பிரேசில் நாட்டுக்காரர். ஐம்பது நிமிடம் நீண்ட போரில் அண்ணன் மெல்ல மெல்லத் தோற்றான். முடிவில் இரு பக்கமும் வழக்கமாகச் சொல்லும் 'நல்ல ஆட்டம்' என்ற சொல்லோடு, உன் மதில் என்னை மிகவும் துன்புறுத்தியது என்று அந்த மனிதர் ஒரு வரி எழுதியிருந்தார். அண்ணன் அதை இரண்டு முறை படித்தான்.

"இவனுக்கு என் கையைப் பத்தித் தெரியாதுல்ல" என்றான் திரும்பாமல்.

"தெரியாது அண்ணா."

"அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பொத்தானை அழுத்தினான்.